மணலில் 'அ' எழுதிய வெளிநாட்டுக்காரர்

குழந்தைகளே! பரமத்தி வேலூர், மோகனூர் பக்கம் போகும்போது காவிரியைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீர் பூம்புகாரில் கடலில் கலக்கிறது. அங்கிருந்து கரையோரமாகவே தெற்கே போனால் தரங்கம்பாடி வரும். 'தரங்கம்' என்றால் அலை. இப்போது அது மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது.

அங்கே கடலைப் பார்த்தபடி ஒரு கோட்டை நிற்கிறது. கட்டியவர்கள் டென்மார்க் நாட்டுக்காரர்கள். தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று 1620-இல் வியாபாரத்துக்கு வந்தவர்கள், 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.

வியாபாரிகள் கதை கிடக்கட்டும். 1706 ஜூலையில் அங்கே கப்பலிலிருந்து இறங்கிய ஓர் இளைஞரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். வயது 24 கூட நிரம்பவில்லை. பெயர் சீகன்பால்கு. ஜெர்மனியில் பிறந்தவர், டென்மார்க் அரசர் மதப் பணிக்காக அனுப்பிவைத்தார். தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. என்ன செய்தார் தெரியுமா? திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிள்ளைகளோடு தம் வீட்டுக்கே வரவழைத்தார். அந்தச் சின்னஞ்சிறுசுகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதிப் பழகினார்! (எத்தனையோ பிள்ளைகளுக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுத்தவன் நான். அந்த வாத்தியாரின் முகத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.)

பிறகு ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1708-இல் தம்மிடமிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்குப் பட்டியல் எழுதினார். நம்மவர்களை நாகரிகம் தெரியாதவர்கள் என்று ஐரோப்பாவில் பலர் நினைத்த காலம் அது. அவரும் அப்படி நினைத்தே வந்தவர். நம் நூல்களைப் படித்ததும் எண்ணம் மாறியது. அதை மறைக்காமல் எழுதியும் வைத்தார்.

1712 முதல் 1714 வரை அவரும் தோழர்களும் தமிழர்களிடம் கேள்விகள் கேட்டுக் கடிதமாகப் பதில் வாங்கினார்கள். பள்ளிக்கூடம், வைத்தியம், வழிபாடு, பழக்கவழக்கம் என்று எல்லாவற்றையும் கேட்டார்கள். பதில்கள் ஜெர்மன் மொழியில் அச்சாயின. அவர் தமிழ் அச்சுக்கூடம் நடத்தியதைத்தான் எல்லாரும் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு இந்தக் கடிதங்கள்தான் பெரிது. நம் மக்களைப் பற்றி நம் மக்களே சொன்னது அல்லவா? 1719-இல், 36 வயதில், அவர் தரங்கம்பாடியிலேயே இறந்தார்.

காலம் ஓடியது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சுமத்ரா தீவருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. சில மணி நேரத்தில் பேரலை நம் கரையில் ஏறியது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டார்கள். தரங்கம்பாடி மீனவர் தெருக்களும் தப்பவில்லை. கோட்டை மட்டும் அசையாமல் நின்றது.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் எங்கள் பிள்ளைகள் அரிசியும் துணியும் கொண்டுவந்து குவித்தார்கள். "தரங்கம்பாடி எங்கே சார் இருக்கு?" என்று ஒரு சிறுமி கேட்டாள். டென்மார்க்கில் சிலருக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. சுனாமிக்கு முன்பே அவர்கள் தரங்கம்பாடிக்காக ஒரு சங்கம் அமைத்து, வந்து போய்ப் பழகியிருந்தார்கள். தெரிந்தவர்கள் வீட்டில் துக்கம் என்பதுபோல் உடனே பணம் திரட்டி உதவினார்கள்.

நீங்களும் கடற்கரை ஊர்ப் பள்ளி ஒன்றுக்கு, ஆசிரியர் மூலமாக ஒரு கடிதம் எழுதுங்களேன். இந்த மாதம் என்ன மீன் கிடைக்கிறது, வலையை எப்படிப் பின்னுகிறார்கள், அலை எப்போது முரடாக இருக்கும் என்று கேளுங்கள். அவர்கள் நாமக்கல் கோழிப்பண்ணையைப் பற்றியும் முட்டை லாரியைப் பற்றியும் கேட்பார்கள். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்!