பேனாக்கத்திப் பிரியர்கள்

கத்தியைப் பற்றிக் குருவானவர் ஒருவர் எழுதப் புகுவதா என்று வாசகர்களுள் சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். அஞ்ச வேண்டா. நாம் எழுத எடுத்துக்கொண்டது கொலைக் கருவியை அன்று. மாங்காய் நறுக்கவும், பென்சில் சீவவும், சணற்கயிறு அறுக்கவும் நம் பாட்டனார் சட்டைப்பையில் வைத்திருந்தார்களே, அந்த மடக்குக் கத்தியை. பேனாக்கத்தி என்று அதனை அழைத்தோம். பேனாவுக்கும் கத்திக்கும் என்ன உறவு? வாத்தின் இறகை மையில் தோய்த்து எழுதிய காலத்தில், மழுங்கிப்போன இறகின் நுனியைச் சீவுவதற்கென்றே ஐரோப்பியர் சிறு கத்தியொன்றை உடன் வைத்திருந்தனர். இறகு மறைந்தது, எஃகு முள் வந்தது, அதுவும் போயிற்று. பெயர் மட்டும் கடல் கடந்து தமிழில் வந்து தங்கிவிட்டது.

தபால்தலை சேகரிப்போரையும் நாணயம் சேகரிப்போரையும் நாம் அறிவோம். மடக்குக் கத்திகளைச் சேகரிப்போரும், அவற்றை ஒருவரோடொருவர் மாற்றிக்கொள்வதிலேயே இன்பம் காண்போரும் உண்டு என்பதை ஐக்கிய அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் சில ஆண்டுகள் பங்குப்பணி ஆற்றியபோதுதான் அறிந்துகொண்டோம். நாட்டுப்புறப் பங்கு. சனிக்கிழமை மாலைத் திருப்பலி முடிந்ததும் ஆலயத்தின் பின்புறக் கூடத்தில் காப்பி அருந்த முதியவர்கள் சிலர் கூடுவர். நாம் சென்ற முதல் வாரத்தில், எண்பதை நெருங்கிய ஓய்வுபெற்ற விவசாயி ஒருவர் நம் அருகில் வந்து, காற்சட்டைப் பைக்குள் கைவிட்டுக் கத்தியொன்றை எடுத்து நம் முகத்துக்கு நேரே விரித்தார். நாம் ஓரடி பின்வாங்கினோம். கூடம் முழுவதும் சிரித்தது. அவர் கேட்க வந்தது இவ்வளவே: “ஃபாதர், உங்களிடம் மாற்றுவதற்குக் கத்தி ஏதும் உண்டா?”

அந்நாட்டின் தென்மாநிலங்களில் இது பழைய வழக்கம். சிற்றூர்களின் வழக்குமன்றத் திடலில், மரநிழல் பெஞ்சுகளில் முதியவர்கள் அமர்ந்து, ஒன்றும் செய்வதற்காக அன்றிக் குச்சிகளைச் சும்மா சீவிக்கொண்டே ஊர்க்கதை பேசுவர். பேச்சினூடே கத்திகள் கைமாறும். இருவரும் தத்தம் கத்தியை மூடிய கைக்குள் மறைத்து, பாராமலே மாற்றிக்கொள்ளும் விளையாட்டும் உண்டு. கையைத் திறந்தபின் முணுமுணுத்தல் ஆகாது. மார்க் டுவெய்ன் 1876இல் வெளியிட்ட ‘டாம் சாயர்’ கதையை நம் பிள்ளைகளுட் சிலர் படித்திருப்பர். அதிலே விவிலிய வசனங்களை மனப்பாடம் செய்ததற்குப் பரிசாகச் சிறுவன் டாம் பெறுவது பன்னிரண்டரை செண்டு மதிப்புள்ள ஒரு ‘பார்லோ’ கத்தி. பார்லோ என்பது இங்கிலாந்தின் ஷெப்பீல்டு நகரத்துப் பழைய வகை. நீண்ட உலோகத் தலைப்பும் எலும்புக் கைப்பிடியும் கொண்ட மலிவான, உறுதியான கத்தி. அதே டாம் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் தூண்டில் முள்ளையும் கோலிக்குண்டுகளையும் கொடுத்து மற்றப் பிள்ளைகளின் பரிசுச் சீட்டுகளை வாங்கிக்கொள்கிறான். நம் மறைக்கல்வி ஆசிரியர்கள் கவனிக்க!

இவ்வகைக் கத்தியில் பூட்டு இல்லை. கைப்பிடியின் முதுகில் ஓடும் எஃகு வில்லொன்றே அலகைத் திறந்தபோதும் மூடியபோதும் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. நல்ல கத்தியை விரித்தால் தடங்கலின்றி நகரும். முடிவில் ‘டக்’ என்று ஓசை எழுப்பும். கத்தி நடக்கவும் வேண்டும், பேசவும் வேண்டும் என்பது அவர்களிடையே வழங்கும் சொல். நம் விவசாயப் பெரியவர் புதுக் கத்தியொன்று கைக்கு வந்தால் முதலில் அதைப் பார்க்கமாட்டார்; காதருகே வைத்துத் திறந்து மூடிக் கேட்பார். பிறகே கண்ணாடியை எடுத்து அணிந்துகொண்டு படிக்கத் தொடங்குவார்.

படிப்பது என்று நாம் சொல்வது மெய்யாகவே படிப்பதைத்தான். அலகு கைப்பிடியோடு சேரும் அடிப்பகுதியில் செய்தவரின் முத்திரை பொறிக்கப்பட்டிருக்கும். பென்சில்வேனியா மாநிலத்தின் பிராட்போர்டு நகரில் செய்யப்படும் ‘கேஸ்’ கத்திகள் சேகரிப்போரின் செல்லப்பிள்ளைகள். அதற்குக் காரணம் இந்த முத்திரையே. அந்நிறுவனம் காலத்துக்குக் காலம் முத்திரையின் வடிவை மாற்றி வந்தது. 1970இல் பெயருக்குக் கீழே பத்துப் புள்ளிகளை இட்டது. அடுத்த ஆண்டு முதல் ஆண்டுக்கொரு புள்ளியைக் குறைத்துக்கொண்டே வந்தது. ஐந்து புள்ளிகள் இருந்தால் அக்கத்தி 1975ஆம் ஆண்டினது. ஒரு புள்ளி மட்டும் எஞ்சியிருந்தால் 1979. இனி எண்களைப் பாருங்கள். 6254 என்று பொறித்திருந்தால், 6 எலும்புக் கைப்பிடியையும், 2 அலகுகளின் எண்ணிக்கையையும், 54 ‘டிராப்பர்’ எனப்படும் வேட்டைக்காரர் வடிவத்தையும் குறிக்கும். 6 இருக்குமிடத்தில் 5 இருந்தால் கைப்பிடி மான்கொம்பு. பெயருக்கு அருகில் காணும் எக்ஸ் எழுத்துகள் இரண்டும் அலகு இருமுறை தீயில் பதமிடப்பட்டதைச் சொல்வதற்காக ஏற்பட்டவை. இவற்றையெல்லாம் பெரியவர் நமக்குக் கற்பித்தபோது, பழைய கல்வெட்டின் முன் நிற்கும் மாணாக்கனின் ஆவல் நமக்கும் உண்டாயிற்று. விரல் நீளமே உள்ள பொருளில் இத்தனை செய்தி!

அவர் நமக்குச் சொல்லிய தடைகளும் உண்டு. பழங்கத்தியை மெருகேற்றுவது பெரும் பிழை. கருத்துப்போன எஃகைப் பளபளக்கத் தேய்த்தால் முத்திரையின் விளிம்புகள் மழுங்கும், நெடுங்காலம் கைபட்டுப் படிந்த நிறம் போய்விடும், விலையும் பாதியாகும். துருவைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் இட்டால் போதும். மற்றொன்று செல்லுலாய்டு. முற்காலத்தில் முத்துச்சிப்பி போலவும் ஆமையோடு போலவும் தோன்றும்படி அப்பொருளால் கைப்பிடிகள் செய்தனர். கண்ணைக் கவரும் அழகுதான். ஆனால் பல்லாண்டுகள் சென்றபின் செல்லுலாய்டு சிதையத் தொடங்கி அமில ஆவியைக் கக்குகிறது. தன் அலகைத் துருப்பிடிக்கச் செய்வதோடு அடங்காது, அதே பெட்டியில் கிடக்கும் மற்றக் கத்திகளையும் அரித்துவிடுகிறது. பெரியவர் தம் செல்லுலாய்டுக் கத்திகளை மட்டும் தனியே, திறந்த தட்டொன்றில், காற்றோட்டமாக வைத்திருந்தார். நம் குருமட அதிபர் ஒருவர் நினைவுக்கு வந்தார், வேறொன்றும் சொல்லமாட்டோம்.

நம்மிடமும் ஒரு கத்தி இருந்தது. உரோமையில் படித்த காலத்தில், கோடை விடுமுறையில் பிரான்சு நாட்டுச் சவோய் மலைநாட்டுப் பங்கொன்றில் உதவிக் குருவாகப் பணிபுரிந்தோம். விடைபெறும்போது அங்கிருந்த பங்குத்தந்தை ‘ஒப்பினேல்’ கத்தியொன்றை நம் கையில் கொடுத்தார். பீச் மரக் கைப்பிடி, ஓர் அலகு, கழுத்தில் ஒரு வளையம், அவ்வளவே. 1890இல் அப்பகுதிக் கொல்லர் குடும்பத்து இளைஞரான ஜோசப் ஒப்பினேல் உழவர்களுக்காக வடித்த கத்தி அது. அலகு தானே மடங்கி விரலை வெட்டாதபடி காக்கும் சுழல் வளையம் 1955இல் சேர்ந்தது. அலகின்மீது ஒரு கை; அதன்மேல் ஒரு மகுடம். கத்தி செய்வோர் யாவரும் தமக்கென ஒரு சின்னம் பொறிக்க வேண்டும் என்று 1565இல் பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் சார்லஸ் ஆணையிட்டார். அம்மரபைத் தொடர்ந்து 1909இல் ஒப்பினேல் தெரிந்தெடுத்த சின்னமே இக்கை. இது எவருடைய கை? அருகிலுள்ள சேன் ஜான் தெ மொரியேன் நகரின் பெயரே ஸ்நாபக அருளப்பருடைய பெயர். அவருடைய மூன்று விரல்களைத் தெக்லா என்னும் பெண்மணி கீழைநாட்டிலிருந்து கொணர்ந்தார் என்பது அவ்வூர் மரபு. அத்திருப்பண்டத்தின் நினைவாக ஆசி வழங்கும் கை அந்நகரின் சின்னமாயிற்று. மகுடம், சவோய் முன்னாளில் ஒரு கோமகன் நாடாக இருந்ததைக் காட்டுகிறது. ரொட்டியும் பாலடைக்கட்டியும் நறுக்கும் கத்தியில் அருளப்பரின் விரல்கள்!

பிரான்சிலேயே அவெய்ரோன் பகுதியில் லயோல் என்றோர் ஊர் உண்டு. இஞ்ஞாசியாரின் லொயோலா அன்று, அது ஸ்பெயினில். அவ்வூர்க் கத்திகளின் கைப்பிடியில் சிற்றாணிகளைச் சிலுவை வடிவில் பதிப்பர். ஆலயத்துக்குத் தொலைவில், மலைமேய்ச்சலில் இருந்த இடையர்கள் கத்தியை நிலத்திலோ ரொட்டியிலோ நட்டுவைத்து, அச்சிலுவையின் முன் செபித்தனர் என்று கூறப்படுகிறது. ஆயினும் அவ்வூர்ப் பெயர் அவ்வூர்க்கே உரியதாகக் காக்கப்படாமையால், எங்கெங்கோ மலிவாகச் செய்த கத்திகளும் அதே பெயரைத் தாங்கிக் கடைகளில் குவிந்தன. மனம் நொந்த ஊரார் 2012இல் தம் ஊர்ப் பெயர்ப்பலகையையே கழற்றி எதிர்ப்பைக் காட்டினர்.

நம் ஒப்பினேலைக் கண்டதும், அதிலும் அருளப்பர் விரல்களின் கதையைக் கேட்டதும், பெரியவர் அதனைக் கீழே வைக்க மனமின்றிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். ஐரோப்பாவில் எந்தக் கடையிலும் எளிய விலைக்குக் கிடைப்பது என்று நாம் எடுத்துரைத்தோம், கேட்பாரில்லை. தம் துணிச்சுருளை விரித்து, பழைய பார்லோ ஒன்றை எடுத்து நம்முன் வைத்தார். எலும்புக் கைப்பிடி தேன்நிறமாக மாறியிருந்தது. திறந்தோம்; நடந்தது, பேசியது. கைகுலுக்கினோம். கத்திகள் இடம் மாறின.

ஒன்றை இங்கே சொல்லவேண்டும். அந்தச் சுருளில் ஏறத்தாழ ஐம்பது கத்திகள் இருந்தும், அவருடைய சட்டைப்பையில் என்றும் இருந்தது அவற்றுள் ஒன்றன்று. அவர் தந்தையார் புகையிலைத் தோட்டத்தில் பயன்படுத்திய மூவலகுக் கத்தி அது. சாணை பிடித்துப் பிடித்துப் பெரிய அலகு ஊசி போல் மெலிந்துவிட்டது. சேகரிப்போர் கண்ணில் அதற்கு விலையே இல்லை. அட்டைப்பெட்டியோடு, ஒருநாளும் ஒன்றையும் வெட்டாமல் கிடந்த கத்திக்கே அவர்கள் மிகுந்த விலை தருவர். “மாற்றுவீர்களா?” என்று ஒருமுறை விளையாட்டாகக் கேட்டோம். அவர் சிரிக்கவில்லை.

மாதங்கள் சில சென்றன. சனவரியில், பனி கொட்டிய பிற்பகல் ஒன்றில், குருக்கள் இல்லத்தின் கதவு தட்டப்பட்டது. பெரியவர் நின்றார். பன்னிரண்டு மைல் தாமே வண்டியோட்டி வந்திருந்தார். நோயாளி எவர்க்கேனும் அவஸ்தைப்பூசுதல் தேவையோ என்று அஞ்சினோம். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, அந்தப் பார்லோவைக் கொண்டுவருமாறு கேட்டார்.

நடந்தது இது. நமக்குத் தந்த கத்தியின் நிழற்படத்தைச் சேகரிப்போர் கூட்டமொன்றில் நண்பர் ஒருவரிடம் காட்டியிருக்கிறார். நண்பர் உருப்பெருக்கிக் கண்ணாடியில் நெடுநேரம் நோக்கிவிட்டு, அலகின் முத்திரை ஒரு காலத்தது, கைப்பிடியின் ஆணிகளோ பிற்காலத்தவை என்றார். உடைந்த கத்தியொன்றில் வேறொரு கத்தியின் பழைய அலகைப் பொருத்தி, பழையது என்று எவரோ விற்றிருக்கின்றனர். அறியாமல் வாங்கியவர் நம் பெரியவர். அறியாமல் நமக்கு மாற்றியவரும் அவரே. கத்தியுலகில் இவ்வகைப் புரட்டு ஏராளம். முத்திரையைத் தேய்த்து அழித்துவிட்டு விலையுயர்ந்த முத்திரையைப் புதிதாகப் பொறிப்போரும் உள்ளனர்.

“ஃபாதர், உங்கள் கத்தியைக் கொண்டுவந்திருக்கிறேன்” என்று ஒப்பினேலை மேசைமேல் வைத்தார். நமக்கோ வியப்பு. அவர் சொல்லியிராவிட்டால் நாம் எந்நாளும் அறிந்திருக்கப் போவதில்லை. அந்தப் பார்லோவால் பல ஆரஞ்சுகளை மகிழ்வோடு உரித்திருந்தோம். இதனைக் கூறி, மாற்று மாற்றாகவே இருக்கட்டும் என்றோம். நமக்கு அது பிடித்திருந்தது என்பதும் உண்மை. அவர் இணங்கவில்லை. மாற்றில் நீங்கள் இழந்தீர்கள் என்றார்; இல்லை என்றோம். காப்பி ஆறிப்போயிற்று. ஒருவாறாக, ஒப்பினேலை அவர் எடுத்துக்கொள்வது, பார்லோ நம்மிடமே இருப்பது, குறையை ஈடுசெய்ய அவர் மற்றொரு கத்தியை நமக்குத் தருவது என்று முடிவாயிற்று. சுருளிலிருந்து எடுத்துத் தந்தார்: 6254, ஐந்து புள்ளிகள்.

நாம் நன்றி கூறி வாங்கக் கை நீட்டியபோது அவர் கத்தியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கத்தியை இனாமாகக் கொடுத்தால் நட்பு அறுந்துவிடும் என்பது அந்நாட்டினரும் ஐரோப்பியரும் வழிவழியாகக் கூறிவரும் வழக்கு. ஒரு செப்புக்காசாவது பெற்றுக்கொண்டே கொடுக்க வேண்டுமாம். குருவாகிய நாம் இத்தகைய நம்பிக்கைகளை ஏற்பதற்கில்லை என்று மெல்ல உரைத்தோம். “சரி ஃபாதர், காசு?” என்றார்.

அங்கியின் பையில் தேடினோம். மேசை இழுப்பறையில் தேடினோம். அமெரிக்கக் காசு ஒன்றுமில்லை. பழைய செபப்புத்தகத்தின் உறைக்குள், ஊரிலிருந்து வந்தபோது தங்கிவிட்ட ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று அகப்பட்டது. பெரியவர் அதனை வாங்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியை அணிந்துகொண்டு, அசோகச் சிங்கங்களையும் ஆண்டெண்ணையும் நெடுநேரம் படித்தார். பிறகு துணிச்சுருளில் பார்லோ இருந்த இடம் எதுவோ அந்தப் பைக்குள் அதனை இட்டு, சுருளைக் கட்டிக்கொண்டு, பனியில் இறங்கினார்.