குறைந்த விலை, நிறைந்த சுவை

விலை குறைந்தால் தரமும் குறையும் என்று எண்ணுவது நம்மிடையே பழகிப்போன தவறு. தென் பிரான்சின் லாங்கடாக் பகுதித் திராட்சைக் குடியானவர்கள் அதைப் பொய்யாக்கிக் காட்டினர். மரோசான் என்னும் சிற்றூரில் 1901-ஆம் ஆண்டு அவர்கள் கூட்டுறவுச் சங்கம் கண்டு, இடைத்தரகரை விலக்கி, பாரிஸ் தொழிலாளரின் நுகர்வோர் சங்கங்களுக்கு நேரே ஒயின் விற்றனர். 1905-இல் பிரெஞ்சுத் தலைவர் ழான் ழோரே அங்குச் சென்று கண்டார்.

இத்தகைய எளிய ஒயினைச் சுவைத்தறியும் முறையும் எளிதே. முதலில் கண்ணாடிக் கிண்ணத்தில் நிறம் பார்க்க வேண்டும்; மெல்லச் சுழற்றி மணம் நுகர வேண்டும்; பின்பு ஒரு வாய் பருகிப் புளிப்பையும் துவர்ப்பையும் நாவால் அளக்க வேண்டும். உணவுக்கு ஏற்ற துணையைக் காட்டுவன பெரும்பாலும் இவ்விரண்டே. சீட்டில் எழுதிய விலை அன்று.

தோ காயலின் சிப்பி உணவுக்கு, அக்கரையோரம் விளையும் புளிப்பு மிக்க பிக்பூல் வெள்ளை ஒயின் எலுமிச்சை பிழிந்தாற்போல் பொருந்துகிறது. பீன்ஸ் விதையும் கொழுத்த இறைச்சியும் சேர்த்துச் சமைக்கும் கஸ்ஸூலேவுக்கு, துவர்ப்புள்ள கோர்பியேர் சிவப்பு ஒயின் ஏற்றது. கொழுப்பும் புரதமும் துவர்ப்பைத் தணிக்கும். துவர்ப்போ கொழுப்பின் திகட்டலை நீக்கும்.

தறியாயினும் தோட்டமாயினும் நாம் நினைவிற் கொள்ளத்தக்கது இதுவே: விலை குறைய வேண்டுமானால் தரகு குறையட்டும், உழைப்பவனின் ஊதியம் குறைதலாகாது.