டேங்க்கில் ஒட்டிய அந்த வட்ட பேட்ஜுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

போன ஞாயிறு ஐந்தருவி பார்க்கிங்கில் நடந்த ஒரு பேச்சில் இருந்து ஆரம்பிக்கிறேன். சாரல் நல்லா பிடிச்சிருந்தது. குளிச்சிட்டுத் துண்டோடு வெளியே வந்தால், என் சித்தி பையன் ஒரு பி.எம்.டபிள்யூ ஜி 310 ஆர் பைக் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கிறான். பக்கத்திலேயே ஒரு டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310 நிற்கிறது. அது போட்டோவில் விழாமல் கவனமாக ஒதுக்குகிறான்.

"அண்ணே, ஆபீஸ்ல ஒருத்தர் இதே வண்டியை விக்கார். 2018 மாடல், 1,60,000 சொல்லுதார். பெர்சனல் லோன் கூட அப்ரூவ் ஆயிட்டு."

"ஏல, இந்த ரெண்டு வண்டிக்கும் இன்ஜின் ஒண்ணுதான், தெரியுமா?"

"சும்மா சொல்லாதீங்கண்ணே. அது ஜெர்மன் வண்டில்லா!"

பெங்களூரில் வேலை, கையில் வரும் சம்பளம் 38,000. அவசர நிதி எவ்வளவு வைத்திருக்கிறான் என்று கேட்டால் பேச்சை மாற்றுவான். அதனால் வீட்டுக்கு வரும் வழியில், பார்டர் கடையில் புரோட்டா வரும்வரை, அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். பி.எம்.டபிள்யூ பெயருக்குப் பின்னால் இருப்பது வெறும் விளம்பரம் இல்லை. 1923இல் ஆர் 32 என்று முதல் பைக்கை விட்டார்கள். 1939இல் ஐல் ஆஃப் மேன் தீவின் சீனியர் டி.டி. பந்தயத்தில் கியார்க் மையர் பி.எம்.டபிள்யூ ஓட்டி ஜெயித்தார். அந்த சீனியர் பிரிவில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் வெளிநாட்டு வண்டியில் ஜெயித்தது அதுதான் முதல்முறை. எனக்குப் பிடித்தது 1983 கதை. நெல்சன் பிக்கே ஃபார்முலா ஒன் சாம்பியன் ஆன காரில் இருந்தது பி.எம்.டபிள்யூவின் 1.5 லிட்டர் டர்போ இன்ஜின். அதன் பிளாக், 1960களில் குடும்பத்தோடு போகிற சாதாரண செடான் காருக்காகச் செய்த இன்ஜின் வகையில் இருந்து வந்தது! ஆபீஸ் போகிற கார் இன்ஜினை வைத்து உலக சாம்பியன். இந்த மாதிரி கதைக்குத்தான் நாம் எல்லாரும் மயங்குகிறோம். நானும்தான்.

ஆனால் நம்ம பக்கத்துக் கதையை யாரும் ஸ்டேட்டஸ் வைப்பதில்லை. டி.வி.எஸ். குழுமத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார் பிறந்த ஊர் திருக்குறுங்குடி. தென்காசியில் இருந்து மலையை ஒட்டித் தெற்கே போனால் வந்துவிடும். பஸ் விட ஆரம்பித்த குடும்பம். 1980இல் டி.வி.எஸ். 50 வந்தது, உங்க அப்பாவோ தாத்தாவோ அதில் உரமூட்டை ஏற்றியிருப்பார்கள். 1982லேயே கம்பெனி சொந்தமாக ரேஸ் டீம் ஆரம்பித்துவிட்டது. அப்போது ரேஸ் என்றால் சென்னைக்கு வடக்கே சோழவரம், இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் சரியான டிராக் வந்தது. அப்பாச்சியில் இருக்கும் ஆர்.டி.ஆர். என்ற எழுத்துகளுக்கு 'ரேஸிங் த்ராட்டில் ரெஸ்பான்ஸ்' என்று அர்த்தம். 2024 ஜனவரியில் ஷெர்கோ டி.வி.எஸ். டீமின் ஹரித் நோவா டக்கார் ராலியில் 'ராலி 2' பிரிவை ஜெயித்தார். ஒட்டுமொத்தத்தில் 11ஆவது இடம். பாலைவனத்தில் ரெண்டு வாரம் ஓட்டுகிற பந்தயம் அது.

இந்த இரண்டு வீடும் சம்பந்தம் செய்தது 2013இல். 500 சி.சி.க்கு உட்பட்ட பைக்குகளைச் சேர்ந்து உருவாக்க ஒப்பந்தம். விளைவு, 312 சி.சி. ஒற்றை சிலிண்டர் இன்ஜின். சிலிண்டர் பின்பக்கம் சாய்ந்திருக்கும். காற்று முன்னால் இருந்து நுழையும், புகை பின்னால் வெளியேறும். வழக்கமான பைக்குக்கு அப்படியே தலைகீழ். அறிமுகமானபோது இரண்டுக்கும் 34 குதிரைத்திறன். இரண்டும் ஓசூரில்தான் தயாரானது.

இப்போ விலைக்கு வருவோம். ஆர்.ஆர். 310, 2017 டிசம்பரில் 2.05 லட்சம். ஜி 310 ஆர், 2018 ஜூலையில் 2.99 லட்சம். இரண்டும் எக்ஸ் ஷோரூம். வித்தியாசம் 94,000. இத்தனைக்கும் சாய்ந்து ஓட்டுகிற ரேஸ் வடிவம், முழு ஃபேரிங் எல்லாம் இருந்தது அப்பாச்சியில்.

2020 அக்டோபரில் என்ன நடந்தது? புது பி.எஸ்.6 ஜி 310 ஆரை பி.எம்.டபிள்யூவே 2.45 லட்சத்துக்கு விட்டது. 2018இல் வாங்கியவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வண்டியை விடப் புதிய, விதிகளுக்குப் பொருந்துகிற மாடல், 54,000 குறைவு. அவர் வண்டியின் மறுவிலை அன்றைக்கே சரிந்திருக்கும். இன்ஜினில் எதுவும் தேயவில்லை. தேய்ந்தது பேட்ஜ் பிரீமியம். 2025இல் இந்தியாவில் அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள்.

தம்பி வாங்கப் பார்ப்பது அந்த 2018 வண்டியை. 1,60,000 பெர்சனல் லோன், 16% வட்டி, 36 மாதம் என்று அவன் ஆப்பில் காட்டியது. இ.எம்.ஐ. சுமார் 5,625. மொத்தம் கட்டுவது ஏறத்தாழ 2,02,500. நான் டிஷ்யூ பேப்பரில் எழுதிக் காட்டினேன்: இத்தனை வருஷம் ஓடிய வண்டிக்கு நீ கொடுக்கப்போவதும், ஆர்.ஆர். 310 புதுசாக வந்தபோது இருந்த விலையும் கிட்டத்தட்ட ஒன்று. (புது ஆர்.ஆர். இன்றைக்கு அதைவிட அதிகம், ஒத்துக்கிறேன். ஆனால் 350 சி.சி. வரையான பைக்குகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 28%இல் இருந்து 18% ஆகிவிட்டது. 312 சி.சி. அதற்குள் வரும்.)

"டாக்ஸ்ல கிளெய்ம் பண்ணலாம்லா?" என்று கேட்டான். மாதச் சம்பளக்காரர் பெட்ரோல் பைக்குக்கு வாங்கிய லோன் வட்டியையோ தேய்மானத்தையோ கழிக்க முடியாது. இதை வருஷத்துக்கு நூறு பேராவது என்னிடம் கேட்கிறார்கள்.

இன்சூரன்ஸிலும் கவனம் வேண்டும். தேர்ட் பார்ட்டி பிரீமியம் சி.சி.யைப் பார்த்துத்தான், பேட்ஜைப் பார்த்து இல்லை. இரண்டு வண்டிக்கும் ஒரே ஸ்லாப். ஓன் டேமேஜ் பிரீமியம் ஐ.டி.வி.யைப் பொறுத்தது. ஐந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐ.டி.வி.யைக் கம்பெனியோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஆக, விற்பவர் 1,60,000 சொல்கிறார் என்பதற்காக வண்டி தொலைந்தால் 1,60,000 வரும் என்று நினைக்காதீர்கள். வாங்கினால் 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். ஆர்.சி.யில் பேங்க் ஹைப்பாதிகேஷன் இன்னும் இருக்கிறதா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

இன்னொரு விஷயம், இது கணக்கில் வராது. பெங்களூரில் சர்வீஸ் பிரச்சினை இல்லை. ஆனால் அவன் ஆசையே சீசனுக்கு அதில் ஊருக்கு வருவதுதான். செங்கோட்டை ரோட்டில் வண்டி நின்றால் யாரைக் கூப்பிடுவான்?

நான் அவனை வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று மாசச் செலவை முதலில் எஃப்.டி.யில் போடு, அந்த 5,625ஐ இப்போதே ஆர்.டி.யில் கட்டிப் பழகு. ஒரு வருஷம் தவறாமல் கட்டினால் டவுன் பேமென்ட்டுக்கு நானும் கொஞ்சம் தருகிறேன் என்றேன். எந்த பேட்ஜ் என்பதை அப்போது நீயே முடிவு பண்ணு.

தலையாட்டினான். நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ்: "அண்ணே, அவர் 1,45,000க்கு இறங்கிட்டார்." நான் இன்னும் பதில் போடவில்லை. ஆர்.டி. ஆரம்பித்த ஸ்க்ரீன்ஷாட்டும் அவன் இன்னும் அனுப்பவில்லை.