பெஸ்கி யார்? வீரமாமுனிவர் யார்?

பரமார்த்த குரு கதையைக் கேட்டுச் சிரிக்காதவர் உண்டா? அதை எழுதியவர் வீரமாமுனிவர். இத்தாலி நாட்டில் 1680-ல் பிறந்தவர். அவருடைய சொந்தப் பெயர் பெஸ்கி.

இருவரும் ஒருவரே என்பது நமக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியுமா? யாராவது எழுதி வைத்தால்தான் தெரியும்!

உலகத்து நூலகங்கள் இப்போது பழைய புத்தகங்களைப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைக்கின்றன. படம் பிடித்தால் மட்டும் போதாது. என்ன புத்தகம், எழுதியவர் யார், எந்த ஆண்டு என்று ஒரு விவரச் சீட்டும் எழுதிச் சேர்க்க வேண்டும். சீட்டு இல்லாத புத்தகம் விலாசம் இல்லாத கடிதம் போன்றது. உள்ளே இருக்கும், யார் கைக்கும் போய்ச் சேராது.

ஒவ்வொரு நூலகமும் தன் இஷ்டப்படி சீட்டு எழுதினால் என்ன ஆகும்? ஒருவர் சீட்டு மற்றவருக்குப் புரியாது.

15 கட்டங்கள்

இதற்கு வழி காண, 1995 மார்ச் மாதம் ஐம்பது பேர்களுக்கு மேல் கூடினார்கள். கூடிய ஊர் டப்ளின். அயர்லாந்தின் தலைநகர் அல்ல! அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில் உள்ள டப்ளின்.

அங்கே பிறந்த திட்டத்துக்கு "டப்ளின் கோர்" என்று பெயர். அதில் 15 கட்டங்கள் உண்டு. தலைப்பு, ஆக்கியவர், தேதி, மொழி, வெளியிட்டவர், உரிமை என்று இப்படிப் போகும். புத்தகமோ, படமோ, பாட்டோ, எதற்கும் இதே கட்டங்கள்தான்.

கட்டங்களைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி எழுதும் முறை எக்ஸ்.எம்.எல். இது 1998-ல் வந்தது. சமையல் அறையில் டப்பாக்களின் மேல் "மிளகு", "சீரகம்" என்று எழுதி ஒட்டுகிறோம் அல்லவா? அதே வேலைதான். ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னால் ஒரு பெயர் வில்லை. பின்னால் ஒரு வில்லை.

பாங்கியில் பணம் கட்டும் சீட்டைச் சரியாக எழுதாவிட்டால் குமாஸ்தா திருப்பித் தருவார். இங்கேயும் அப்படி ஒரு குமாஸ்தா உண்டு. "ஸ்கீமா" என்பது அதன் பெயர். வில்லை மாறியிருந்தால் "செல்லாது" என்று சொல்லிவிடும்.

அறுவடை

சீட்டுகளைச் சேகரிப்பதற்கு "அறுவடை" என்று பெயர். 2001-ல் இதற்கும் ஒரு பொது விதி வந்தது. ஒரு கம்ப்யூட்டர் மற்றொரு நூலகத்தின் கம்ப்யூட்டரைக் கேட்கும்: "இந்தத் தேதிக்குப் பிறகு வந்த சீட்டுகள் உண்டா?" பதில் எக்ஸ்.எம்.எல்.லில் வரும். வேடிக்கை என்னவென்றால், அறுத்த பிறகும் பயிர் வயலிலேயே இருக்கும்! புத்தகம் இடம் பெயராது. சீட்டின் நகல் மட்டுமே போகும்.

ஐரோப்பிய நாடுகளின் சீட்டுகளை ஒரே இடத்தில் சேர்த்து "யூரோப்பியானா" என்ற சேவையை 2008 நவம்பர் 20-ந் தேதி திறந்தார்கள். அன்றே கூட்டம் தாங்காமல் மூடிவிட்டார்கள்! டிசம்பரில் மீண்டும் திறந்தார்கள்.

75 ஆண்டு குழப்பம்

குமாஸ்தா கண்டுபிடிக்காத தவறுகளும் உண்டு. இவைதான் பெரிய தொல்லை. பரமார்த்த குரு கதை, 1822-ல் லண்டனில் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாயிற்று. வீரமாமுனிவர் காலமானது 1747-ல். தேதிக் கட்டத்தில் வெறுமனே "1822" என்று எழுதினால், எழுதிய ஆண்டா, அச்சான ஆண்டா? இறந்து 75 ஆண்டு கழித்து எழுதினார் என்று ஆகிவிடாதா? ஆங்கிலத்தில் பெயர்த்தவர் பாபிங்டன். அவரை "ஆக்கியவர்" என்பதா, "உதவியவர்" என்பதா? வில்லைகள் சரியாக இருந்தால் ஸ்கீமா பேசாமல் விட்டுவிடும். விஷயம் தெரிந்த நூலகர்தான் கவனித்து எழுத வேண்டும்.

பெயர்க் குழப்பத்துக்கு மட்டும் தனி ஏற்பாடு இருக்கிறது. பல தேசத்து நூலகங்கள் தங்கள் பெயர்ப் பட்டியல்களை ஒன்றாகச் சேர்த்திருக்கின்றன. "வியாஃப்" என்று அதைச் சொல்வார்கள். ஒரே ஆளுக்கு எத்தனை பெயர் இருந்தாலும், எந்த எழுத்தில் இருந்தாலும், எல்லாவற்றையும் ஒரே எண்ணின் கீழ் கொண்டு வருவதே அதன் வேலை. அந்த எண்ணைச் சீட்டில் எழுதிவிட்டால், "பெஸ்கி" என்று தேடும் ரோமாபுரிக்காரருக்கும், "வீரமாமுனிவர்" என்று தேடும் திருச்சி மாணவனுக்கும் ஒரே புத்தகம் கிடைக்க வழி உண்டு.