சக்தி என்னும் துணைக்கப்பல்

எம்மூராகிய அண்ணாகிராமத்திலிருந்து பலாப்பழமேற்றிக் கடலூருக்குப் புறப்படும் மாட்டுவண்டியின் அடியில் முன்னாளில் ஒரு வைக்கோற்கட்டுத் தொங்கும். தான் இழுக்கும் பாரத்தோடு தன் தீனியையும் மாடே இழுத்தல் வேண்டும். வழி நீளுந்தோறும் கட்டுப் பெருகும். கட்டுப் பெருகுந்தோறும் பழத்திற்கு இடங் குறையும். போர்க்கப்பலின் நிலையும் இதுவேயாம். படைக்கலம் நிரம்பிய கலத்தில் எண்ணெய்க்கும் நீருக்கும் உணவுக்கும் எஞ்சும் இடம் சிறிதே.

இக்குறை யாது செய்யும் என்பதற்குக் கடலூரே சான்று. 1783ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் அத்துறைக்கு அப்பால் ஆங்கிலத் தளபதி ஹியூஸ் 18 பெருங்கப்பல்களோடும், பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் 15 கப்பல்களோடும் பொருதனர். கப்பலொன்றும் மூழ்கிற்றில்லை. ஆயினும் ஹியூஸே சென்னைக்குத் திரும்பினார். குடிநீர் அருகியிருந்தது, காய்கனி உண்ணாமையால் வரும் ஸ்கர்வி நோய் மாலுமிகளை வாட்டியது. கடலூரை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலச் சேனை கடற்றுணை இழந்து நின்றது.

இக்குறை தீர்க்கவே துணைக்கப்பல் எழுந்தது. நம் நாட்டுக் கடற்படையின் 'சக்தி' ஜெர்மனியில் பிரேமன் நகரத்துக் கட்டுத்துறையிற் கட்டப்பெற்று, 1976இல் பணியேற்று, 2007இல் ஓய்வு பெற்றது. முப்பத்தோராண்டு உப்புநீரில் உழைப்பதென்பது இரும்புக்கும் எளிதன்று.

அதன் தொழிலை யாம் வியக்கின்றோம். எண்ணெய் வேண்டிய கப்பல், துணைக்கப்பலின் பக்கமாகச் சில பத்து மீட்டர் இடைவெளியில், அதே வேகத்தில் ஓட வேண்டும். முதலில் மெல்லிய நூற்கயிறொன்று எறியப்படும்; அதனைப் பற்றித் தடித்த கயிறும், பின் எஃகு வடமும், வடத்திற் தொங்கும் குழாயும் செல்லும். இரு கலங்களுக்கிடையே விரைந்தோடும் நீர் அவற்றை ஒன்றையொன்று நோக்கி ஈர்க்கும். சுக்கான் பிடிப்பவன் ஒரு கணம் அயர்ந்தால் மோதல்தான்! இடர் நேரின் குழாயைக் கழற்றி உடனே விலகவும் மாலுமிகள் பயிற்றப்படுகின்றனர். இத்துணை இன்னலுற்றும், வெற்றிச் செய்தியில் எண்ணெய் கொடுத்த கப்பலின் பெயரை எவரே தேடுவர்?

பழைய சக்தி நீங்கிய பின் நான்காண்டு அப்பெயருடைய கலம் இல்லை. 1996இல் வந்த 'ஜோதி'யும் 2000இல் வந்த 'ஆதித்யா'வும் அச்சுமையைத் தாங்கின. போர்க்கலம் பெருக்குவதில் காட்டும் விரைவைத் துணைக்கலம் பெருக்குவதிலும் காட்டியிருக்கலாம் என்பது எமது துணிபு.

புதிய சக்தி இத்தாலியிற் கட்டப்பெற்று, 2011ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் விசாகப்பட்டினத்திற் பணியேற்றது. நீளம் 175 மீட்டர். எடை 27,500 டன்னுக்கு மேல். மணிக்கு 1,500 டன் எண்ணெய் வழங்க வல்லது. அடிப்புறம் கிழிந்தாலும் எண்ணெய் கடலிற் கலவாதிருக்க இரட்டைச் சுவர் அமைத்துள்ளனர்; கடல்மீனை நம்பி வாழும் எம் மாவட்டத்தார்க்கு இது சிறு செய்தியன்று.

இனி வரும் ஐந்து துணைக்கப்பல்களை நம் நாட்டிலேயே கட்ட 2023இல் விசாகப்பட்டினத்துக் கட்டுத்துறையோடு ஒப்பந்தமாயிற்று. ஒவ்வொன்றும் 44,000 டன். அவற்றுள் இரண்டைக் கட்டும் வேலை சென்னைக்கு வடக்கேயுள்ள காட்டுப்பள்ளிக்குக் கிடைத்துள்ளது. ஆங்கு முதல் எஃகுத்தகடு வெட்டப்பட்டது.