போர்ப்படம் காண வயது எது?

"அப்பா, அந்தப் போர்ப் படத்தை எனக்கும் போட்டுக் காட்டு!" என்று கேட்கிறான் பன்னிரண்டு வயது மகன். ஆலை வேலை முடித்து அலுத்து வந்த அப்பன் என்ன செய்கிறான்? "போடா, படிக்கிற வழியைப் பார்!" என்று விரட்டுகிறான். அல்லது, "பார்த்துத் தொலை!" என்று கைப்பேசியை நீட்டிவிட்டுக் கண்ணயர்கிறான்.

தோழர்களே! இரண்டும் தவறு. முன்னது பிள்ளையின் கேள்வியைக் கைவிடுகிறது. பின்னது பிள்ளையையே கைவிடுகிறது.

ஒரு படத்தை வைத்துப் பேசுவோம். 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃபிரண்ட்' - முதல் உலகப் போரில் களம் கண்டு காயம்பட்ட ஜெர்மானிய எழுத்தாளர் ரெமார்க் 1929-இல் நூலாக வெளியிட்ட கதை. 1930-இல் அமெரிக்காவில் படமாயிற்று. 2022-இல் ஜெர்மானியர்களே மீண்டும் எடுத்தார்கள். மறு ஆண்டு நான்கு ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன. பள்ளியிலே கேட்ட வீராவேசப் பேச்சில் மயங்கிப் பட்டாளத்தில் சேர்ந்த மாணவர்கள், பதுங்குகுழிச் சேற்றில் ஒருவர்பின் ஒருவராக மடிகிறார்கள். இதுதான் கதை.

2022-ஆம் ஆண்டுப் படத்தின் தொடக்கத்தில் ஒரு காட்சி. செத்தவர்களின் உடுப்பைக் கழற்றுகிறார்கள். இரத்தக் கறை போக வெளுக்கிறார்கள். பெண் தொழிலாளர்கள் வரிசையாக அமர்ந்து கிழிசல்களைத் தைக்கிறார்கள். அதே உடுப்பு புதிதாகச் சேர்ந்த மாணவன் கைக்கு வருகிறது. சட்டையிலே வேறொருவன் பெயர்! ஆயிரம் மேடைப் பேச்சு சொல்லாததை அந்த ஒரு சட்டை சொல்லிவிடுகிறது.

"அப்படியானால் இன்றே காட்டலாமே!" என்பீர்கள். பொறுங்கள். அதே படத்தில் மனிதர்களை உயிரோடு எரிக்கிறார்கள். டாங்கிகள் உடல்மேல் ஏறுகின்றன. குண்டு பறித்த குழியில், எதிரி ஒருவனைக் கதாநாயகன் கத்தியால் குத்துகிறான். உயிர் உடனே போகவில்லை. குத்தியவனே அவனைக் காப்பாற்றத் துடிக்கிறான். ரெமார்க்கின் நூலில், அப்படிச் செத்தவன் யார் தெரியுமா? அச்சுக்கூடத் தொழிலாளி! மனைவியும் மகளும் உள்ளவன். நமக்கே தொண்டை அடைக்கும் இடம் இது. பிஞ்சு நெஞ்சு தாங்குமா?

சட்டம் என்ன சொல்கிறது? 2023-இல் வந்த திருத்தம் 'யு/ஏ' சான்றிதழை 7, 13, 16 என்று மூன்று வயதுப் படிகளாகப் பிரித்தது. அந்த வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குக் காட்டலாமா என்று தீர்மானிக்கும் பொறுப்பைப் பெற்றோரிடமே விட்டது. 'ஏ' என்றால் பேச்சே இல்லை. 18 நிறைய வேண்டும். இதே படத்தை அமெரிக்காவில் 17 வயதாகாதவர் பெரியவர் துணையோடு கொட்டகையில் பார்க்கலாம். பிரிட்டனிலோ 15 வயது ஆகாதவருக்கு அனுமதியே இல்லை. படம் ஒன்று, கோடு இரண்டு! கோடு கிழிப்பது சர்க்காரின் வேலை. கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கும் பிள்ளையை அறிவது நம் வேலை.

எப்படி அறிவது? துயரமான படம் பார்த்த இரவு அவன் தூங்கினானா? மனத்தை உறுத்தியதை வாய்விட்டுச் சொல்கிறானா, உள்ளுக்குள் பூட்டி வைக்கிறானா? தானாக விரும்பிக் கேட்கிறானா, "நீ பயந்தாங்கொள்ளி" என்று நண்பர்கள் சீண்டியதால் கேட்கிறானா? எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. எத்தனை பேர் செத்தார்கள் என்று எண்ணுகிற பிள்ளைக்கு இன்னும் நாள் வரவில்லை. செத்தவன் யார் என்று கேட்கிற பிள்ளைக்கு நாள் நெருங்கிவிட்டது.

என் கருத்தைக் கேட்டால், பன்னிரண்டு வயதுக்கு இந்தப் படம் வேண்டாம். பதினைந்து, பதினாறில், சட்டம் இடம் தந்தால் காட்டலாம். முதலில் நாம் தனியே பார்க்க வேண்டும். பிறகு அவன் பக்கத்தில் அமர்ந்து பார்க்க வேண்டும். "போதும்" என்றால் நிறுத்த வேண்டும். கேலி செய்யக் கூடாது. முடிந்ததும் பேச வேண்டும். அதுவரை கதையாகச் சொல்லுங்கள். 1914-இல் சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசிய எம்டன் கப்பல் வந்ததும் அதே போரில்தான் என்று சொல்லுங்கள். கண்ணை அகல விரித்துக் கேட்பான்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். கதாநாயகன் நூறு பேரைச் சுட்டுத் தள்ளிவிட்டு, தலை கலையாமல் சிரிக்கும் படத்துக்குக் குடும்பத்தோடு போகிறோமே! அங்கே நம் கவலை எங்கே போயிற்று? போர் கொடியது என்று காட்டும் படம் பிள்ளையின் ஓர் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கலாம். போர் வேடிக்கை என்று காட்டும் படம் அவன் புத்தியையே கெடுத்துவிடும்.

1930 டிசம்பரில் பெர்லின் நகரில் முதற்படம் ஓடிய கொட்டகையில், கோயபல்சின் கூட்டம் நாற்றக் குண்டு வீசியது, வெள்ளெலிகளை அவிழ்த்துவிட்டது. சில நாட்களில் படத்துக்குத் தடை வந்தது. அந்தக் கூட்டமே பின்னர் ஆட்சி பிடித்தது. 1944-இல் 16 வயதுப் பையன்களையும் படையில் சேர்த்தது. போரைத் திரையில் காணக் கூடாது என்றவர்கள், பிள்ளைகளைப் போருக்கே அனுப்பினார்கள்!

நாம் "பொறு" என்று சொல்வது அதற்காக அல்ல. உரிய நாளில், உடன் அமர்ந்து காட்டுவதற்காக. அந்த நாளை மறவாதிருப்பது நம் கடமை.