தாய்மை காத்த தாள்கள் – 17: கீழிருந்து மேலே

போன மாதம் ஒரு விடியற்காலை. மூலக்குளத்தில் எங்கள் தெருப் பெண் ஒருத்திக்கு இடுப்புவலி எடுத்தது. ஆட்டோ வில்லியனூர் சாலையில் டவுன் பக்கம் போயிற்று. மத்தியானமே சுகப்பிரசவம். சாயங்காலம் அவள் அம்மா என்னிடம் கேட்டார்: "வயித்துல பட்டை கட்டி மிஷின் வெச்சுப் பார்க்கல அக்கா. சின்னக் கருவியாலதான் துடிப்பு கேட்டாங்க. அது போதுமா?"

போதும் என்றேன். ஏன் போதும் என்பதற்குப் பின்னால் ஒரு தமிழரின் பெயர் இருக்கிறது.

சபாரத்தினம் அருள்குமரன். இலங்கைத் தமிழர். 1972இல் இலங்கையில் மருத்துவம் முடித்து, சிங்கப்பூரிலும் பிறகு பிரிட்டனிலும் மகப்பேறு மருத்துவராக இருந்தவர். 2009இல் சர் பட்டம், 2012 முதல் 2015 வரை உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பின் தலைவர் பதவி. எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் நூற்றுக்கணக்கில். இத்தகைய பட்டியலைப் பார்த்ததும் எத்தனை என்று எண்ணத்தான் கை போகும். நான் அடியில் இருக்கும் பழைய கட்டுரைகளில் தொடங்கி மேலே போவேன். ஒருவர் எதை விடாமல் கவனித்தார் என்பது அப்போதுதான் தெரிகிறது.

1986இல் சிங்கப்பூரிலிருந்து இங்கேமார்சன் என்பவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை. வலியோடு வந்த 1,041 தாய்மாருக்கு, சேர்ந்த உடனே குழந்தையின் இதயத்துடிப்பைத் தாளில் பதிந்து பார்த்தார்கள். பதிவு நன்றாக இருந்தால், அடுத்த சில மணி நேரத்துக்குக் குழந்தை திணறும் வாய்ப்பு குறைவு. 'அட்மிஷன் டெஸ்ட்' என்ற இந்தச் சோதனை பல நாடுகளுக்குப் பரவியது. ஆனால் 2003இல் டப்ளினில் 8,500க்கும் மேற்பட்ட தாய்மாரிடம் இதைச் சோதித்தபோது, ஆபத்தில்லாத கர்ப்பங்களில் குழந்தைக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. 2018இல் உலக சுகாதார நிறுவனம், ஆரோக்கியமான தாய்க்கு இது வழக்கமாகத் தேவையில்லை, டாப்ளர் என்னும் அந்தச் சின்னக் கருவியோ காதால் கேட்கும் குழலோ போதும் என்றது. முதல் கட்டுரை தான் செய்ததைத் தெளிவாக எழுதி வைத்ததால்தான் பின்னால் வந்தவர்கள் அதைச் சரிபார்க்க முடிந்தது. இதை அவருக்கு நேர்ந்த தோல்வியாக நான் பார்க்கவில்லை.

அதே 2003இல், காண்டஸ் என்ற மருத்துவரோடும் மற்றவர்களோடும் எழுதிய இன்னொன்று. வெறும் 16 பெண்கள். பிள்ளை பெற்றபின் உதிரம் நிற்காமல் கொட்டியவர்கள். கல்லீரல் நோயாளிகளின் உணவுக்குழாய் ரத்தக்கசிவை அடைக்க ஒரு பலூன் குழாய் உண்டு. அதைக் கருப்பைக்குள் வைத்து உப்புநீர் நிரப்பினார்கள். உதிரம் நின்றால் வயிற்றைத் திறக்க வேண்டாம். நிற்காவிட்டால் தாமதிக்காமல் அறுவை. 14 பேருக்கு நின்றது. மருந்துக்கும் கத்திக்கும் நடுவே, கருப்பையை இழக்காமல் இருக்க ஒரு வாய்ப்பு. அந்த ஆண்டுதான் டாக்காவில் சயீபா அக்தர், ரப்பர் குழாயில் ஆணுறையைக் கட்டி அதே வேலையை 23 பெண்களுக்குச் செய்து எழுதினார். விலையுயர்ந்த குழாய் கிடைக்காத ஊருக்கு அது எத்தனை பெரிய உதவி! 16, 23 என்ற சின்ன எண்களை நான் ஒருபோதும் அலட்சியமாகப் பார்ப்பதில்லை.

இனி, கட்டுரைக் கணக்கில் சேராத ஒன்று. 2012 அக்டோபரில் அயர்லாந்தின் கால்வே நகரில், 17 வாரக் கர்ப்பிணியான பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர் கருச்சிதைவோடு மருத்துவமனையில் சேர்ந்தார். கரு தங்காது என்று தெரிந்தும், அதற்குத் துடிப்பு இருந்ததால் கருவைக் கலைக்கும்படி அவர் கேட்டது மறுக்கப்பட்டது. 28ஆம் தேதி, ரத்தத்தில் கிருமி பரவி இறந்தார். வயது 31. விசாரணைக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் அருள்குமரன். 2013 ஜூனில் வந்த அறிக்கை முதலில் சொன்ன காரணம், நோயாளியைச் சரியாக மதிப்பிடவில்லை, கண்காணிக்கவில்லை என்பது. சேர்ந்த அன்றே எடுத்த ரத்தத்தில் வெள்ளணுக்கள் கூடியிருந்தன. அந்த முடிவை யாரும் பின்தொடரவில்லை. 1986இலிருந்து கவனிப்பதைப் பற்றியே எழுதி வந்த ஒருவர், கவனிக்காமல் விட்டதால் போன ஓர் உயிரைப் பற்றி எழுத நேர்ந்தது. அந்தப் பக்கங்களைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சவிதாவின் கோரிக்கை மறுக்கப்படக் காரணமான கருக்கலைப்புத் தடையை நீக்க, 2018 மே மாதம் அயர்லாந்து மக்கள் வாக்களித்தார்கள்.

சவிதாவின் ஊர் கர்நாடகத்தின் பெல்காம். அந்த மாவட்டத்துக் கிராமங்களில் 1,620 தாய்மாரிடம் நடந்த ஓர் ஆய்வு, 2006இல் லான்செட் இதழில் வெளியானது. பிரசவித்ததும் வாயில் போடும் ஒரு மாத்திரை பற்றியது அது. அடுத்த வாரம் அங்கே போவோம்.